ஆடாத கடலும் ஒரு ‘சத்தி’யும்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆறு பேரும் ஆக்லாந்து கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்து, பஜ்ஜியும் காபியும் உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி என்ன? “அங்கிள், பெரிய புயல்ல மாட்டியிருக்கீங்களா?” அடுத்த மாதம் பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்து வேலைக்குப் போகிற பிள்ளைகள், வேறு எதைக் கேட்பீர்கள்! நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், “அப்பா ஆரம்பிச்சா விடிஞ்சிரும், எல்லாரும் பஸ் பிடிக்கணும்” என்று பேச்சை வெட்டிவிட்டாள். பெற்ற மகளே இப்படி. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். எழுத்தை நடுவில் யாரும் வெட்ட முடியாது பாருங்கள்.

புயலில் மாட்டியிருக்கிறேன். ஒன்றல்ல, ஏழெட்டு. தட்டு பறந்திருக்கிறது, நானே ஒருமுறை இனிப்பு வண்டியோடு சேர்ந்து உருண்டிருக்கிறேன். அதையெல்லாம் நேரில் வரும்போது கேளுங்கள், நடித்தே காட்டுகிறேன். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் நான் நிஜமாகவே பயந்த நாள் எது என்று கேட்டால், அது கடல் இம்மிகூட அசையாத ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதைத்தான் சொல்லப் போகிறேன். அதில் தப்புச் செய்தவன் நான். வேறு யார் தலையிலும் போட வழியே இல்லை, போட்டுப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு கோவாக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எச்சில் தட்டு எடுக்கிறவனாகச் சேர்ந்தபோது அவர்தான் ஹெட் வெயிட்டர். வாயைத் திறந்தால் திட்டு. கோபம் வந்தால் கைத்துண்டைச் சுருட்டி எறிவார், குறி தப்பாது. அவர் ஒரு நாள் என் காதைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்: “கடல் ஆடுற அன்னிக்குக் காலி நாற்காலியைப் பார்த்துக் கவலைப்படாதே. பாதிப் பேர் ரூம்ல சுருண்டு கிடப்பாங்க. கடல் சும்மா இருக்கிற அன்னிக்கு ஒரே ஒரு நாற்காலி காலியா இருந்தாலும், ஏன்னு தெரியாம தூங்கப் போகாதே.” நான் ஹெட் வெயிட்டர் ஆன பிறகும் அதை விடாமல் செய்தேன். ஒரு தடவை அப்படித் தேடிப் போனதில், குளியலறைக் கைப்பிடி கழன்று காலையிலிருந்து உள்ளேயே மாட்டிக்கொண்ட ஒரு மனிதரை மீட்டோம். பாவம், பொழுது போகாமல் ஷாம்பு பாட்டிலில் எழுதியிருந்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். எங்களுக்கு ஒப்பித்தும் காட்டினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆக்லாந்தில் கிளம்பி, பிஜிப் பக்கம் தீவுகளைச் சுற்றிவிட்டு ஆக்லாந்துக்கே திரும்புகிற பத்து நாள் பயணம் அது. என் பகுதியில், ஜன்னலோர மேஜையில், ஆக்லாந்தில் மாசி என்கிற பகுதியிலிருந்து வந்த ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. கணேசலிங்கம் சாருக்கு எழுபத்தாறு வயது. மனைவி பரமேஸ்வரி அம்மாவுக்கு எழுபத்து மூன்று. கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆனதற்கு மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஏற்றிவிட்டிருந்தாள். முதல் நாளே என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, “தமிழோ தம்பி? அப்ப எங்களுக்கு ஒரு பயமும் இல்லை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் பேருக்கு நடுவில் ஒரு குரல் இப்படிச் சொன்னால் மனசு எப்படி இளகிப் போகும் தெரியுமா? அன்றிலிருந்து அவர்கள் எனக்குப் பயணிகள் இல்லை, என் வீட்டு ஆட்கள்.

அவர்கள் தமிழும் என் தமிழும் இரண்டாம் நாளே முட்டிக்கொண்டன. காரம் எவ்வளவு போடலாம் என்று சமையல்காரருக்கு ஒரு சந்தேகம். நான் போய், “அம்மா, எங்க சமையல்காரர் உங்ககிட்டப் பேசணுமாம்” என்றேன். அந்த அம்மாவின் முகம் சுண்டிப் போய்விட்டது. “நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்? ஏன் பேசப் போறார்?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கணேசலிங்கம் சார்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதற்கு அவர்கள் கதைக்கிறது என்பார்கள். அன்றைக்கு மேஜையே சிரித்தது.

அதற்கப்புறம் நான் ஒரு பெரிய பண்டிதன் ஆகிவிட்டேன். வடிவு என்றால் அழகு, கெதியா என்றால் சீக்கிரம், ஏலாது என்றால் முடியாது, பின்னேரம் என்றால் சாயங்காலம், மனுசி என்றால் மனைவி, மரக்கறி என்றால் சைவச் சாப்பாடு என்று ஒரு வாரத்தில் ஏகப்பட்ட சொல் சேர்த்தேன். “ஓம் அம்மா, கெதியா வருது அம்மா” என்று அவர்கள் மாதிரியே பேசிக் காட்டி அவரைச் சிரிக்க வைப்பேன். யாழ்ப்பாணத் தமிழ் நமக்கு அத்துப்படி என்ற நினைப்பு தலைக்கு ஏறிவிட்டது. அந்த நினைப்புதான் வினை.

கடைசி நாள். மறுநாள் காலை ஆக்லாந்து. முந்தின இரண்டு நாளும் கடல் எங்களைப் புரட்டி எடுத்திருந்தது. மேஜை விரிப்பில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கித்தான் தட்டு வைத்தோம், காய்ந்த துணியில் தட்டு நிற்காது. ஆனால் அன்று மத்தியானத்திலிருந்து அலை, காற்று எல்லாம் அடங்கிவிட்டது. ஆறரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்தபோது ஜனவரி வெயில் இன்னும் இறங்கவில்லை. தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி கடல் கிடந்தது. சூப்புக் கிண்ணத்தில் ஒரு வளையம் எழவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கடலை நான் பார்த்ததில்லை. இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தவர்கள் எல்லோரும் குளித்து, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, பசியோடு வந்தார்கள். ஒரு இடம் காலியில்லை, ஜன்னலோர மேஜையில் ஒரு நாற்காலியைத் தவிர.

கணேசலிங்கம் சார் தனியாக வந்தார். நான் நாற்காலியை இழுத்துவிட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என்னைக் குனியச் சொல்லி, தாழ்ந்த குரலில் சொன்னார்: “இண்டைக்கு மனுசி வரமாட்டா, தம்பி. பின்னேரம் தொட்டுச் சத்தி. படுத்திருக்கிறா. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், என்ன?”

சத்தி. எங்கள் மதுரைப் பக்கம், அம்மனானாலும் உடம்புத் தெம்பானாலும், சக்தி என்ற சொல் வாயில் சத்தி என்றுதான் வரும். வெள்ளிக்கிழமை வேறு. முந்தின நாள் அந்த அம்மா சிவப்புச் சேலை கட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். எங்கள் ஊரில் அம்மனுக்குச் சிவப்பு கட்டி விரதம் இருக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் சக்தி, சக்தி என்றுதான் கூப்பிடுவார்கள். போதாததற்கு அவர் பெயரே பரமேஸ்வரி! விரதத்தை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் சிலர் இருப்பார்கள். எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது.

“ஓ, சத்தியா! வெள்ளிக்கிழமைல்ல! ரொம்ப நல்லது சார். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நல்லதோ?” என்றார்.

“பின்னே? எல்லாருக்கும் வாய்க்குமா சார்!”

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. கைத்துண்டைக் கழுத்தில் சொருகிக்கொண்டு சூப் கேட்டார். அந்தத் தளர்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நான் சும்மா இருந்தேனா? அதுவும் இல்லை. சமையலறைக்குப் போய், ஒரு வெள்ளித் தட்டில் இரண்டு வாழைப்பழம், காய்ச்சிய பால், கொஞ்சம் திராட்சை வைத்து, மேஜை அலங்காரத்திலிருந்து ஒரு மஞ்சள் பூவையும் எடுத்து ஓரத்தில் வைத்தேன். விரதக்காரர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியாதா! அந்த மேஜைக்குப் பரிமாறுகிற மாலினியைக் கூப்பிட்டு, “அந்த அம்மா ரூம்ல கொடுத்துட்டு வா, பவ்வியமா கொடு” என்று அனுப்பினேன். மாலினி மலேசியாவில் கிள்ளான் பெண். இருபத்தாறு வயது. வேலையில் சூட்டிகை, வாயும் அப்படியே; பேச்சுக்குப் பேச்சு மலேசியாக்காரர்கள் மாதிரி ஒரு ‘லா’ போடுவாள்.

பத்து நிமிஷத்தில் தட்டோடு திரும்பி வந்தாள். பால் ஆடை கட்டியிருந்தது.

“அண்ணே, அந்தம்மா தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. வேர்த்துக் கொட்டுது. ரூமு அவ்ளோ குளிரா இருக்கு லா, தலகாணி நனைஞ்சிருக்கு.”

“விரதம்மா. வெறும் வயிறு, அப்படித்தான் இருக்கும்.”

“என்னா விரதம்?”

“சக்தி விரதம். சார்தான் சொன்னார், பின்னேரத்துலேர்ந்து சத்தின்னு.”

மாலினி தட்டைக் கீழே வைத்தாள். “பின்னேரத்துலேர்ந்து என்னான்னு சொன்னாரு?”

“சத்தி.”

“ஐயோ அண்ணே! சிலோன்காரங்க சத்தின்னா வாந்தி லா! கிள்ளான்ல எங்க பக்கத்து வீடு சிலோன்காரங்க. சின்னப்புள்ளைலேர்ந்து கேட்டிருக்கேன். சத்தி எடுக்கறதுன்னா வாந்தி எடுக்கறது!”

எழுபத்து மூன்று வயது. சர்க்கரை வியாதி, பத்து நாளாக நான்தான் சர்க்கரையில்லாத இனிப்பு வைக்கிறேன். பின்னேரத்திலிருந்து வாந்தி, குளிர் அறையில் வியர்வை. முந்தின நாளாக இருந்தால் எல்லாவற்றையும் அலை மேல் போட்டிருக்கலாம். அன்றைக்குக் கடல் மேல் போட முடியாது. கடல்தான் அசையவே இல்லையே! கோவாக்காரர் இருந்திருந்தால் கைத்துண்டை எறிந்திருக்க மாட்டார், தட்டையே எறிந்திருப்பார். நாற்காலி காலியாக இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. காரணம் தேடவும் செய்தேன். கிடைத்த காரணம் எனக்குப் பிடித்திருந்தது, அதோடு நின்றுவிட்டேன்.

ஓடிப்போய் கணேசலிங்கம் சாரிடம், “சார், சத்தின்னா வாந்தியா?” என்றேன்.

“பின்னை என்ன? சத்தியெண்டால் சத்திதான்” என்றார் அவர், கரண்டியை நிறுத்தி.

கூடம் நிறைய ஆட்கள், மெயின் சாப்பாடு வெளியே வருகிற நேரம். அந்த நேரத்தில் ஹெட் வெயிட்டர் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் அது தலை போகிற குற்றம். பக்கத்துப் பகுதிக்காரரிடம் என் மேஜைகளைக் கை காட்டிவிட்டு மாலினியோடு நடந்தேன். பின்னாலேயே கழுத்தில் சொருகிய துண்டோடு சாரும் வந்தார்.

பரமேஸ்வரி அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். “ஒண்டுமில்லைத் தம்பி, வாய்வு. நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ.”

“நெஞ்சு வலிக்குதா அம்மா?”

“நோகேல்லை. ஒரு பாரம் ஏத்தி வைச்ச மாதிரி. நாடியும் ஒரு மாதிரி விறைக்குது.”

நாடி. கை மணிக்கட்டு என்று நினைத்துக்கொண்டு தலையாட்டப் போனேன். நல்ல வேளை, சூடு பட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. “எந்த நாடிம்மா? தொட்டுக் காட்டுங்க” என்றேன். அவர் கை மெல்ல எழுந்து தாடையைத் தொட்டது.

நான் சுவரில் இருந்த போனை எடுத்தேன். கணேசலிங்கம் சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கப்பலில் ஏறிய அன்றே எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள், நீங்களும் கொடுப்பீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்பதற்காகத்தான். ஆனால் அதைப் படித்த வயசானவர்கள் மனதில் பதிவது அடைத்து வைப்பார்கள் என்பது மட்டும்தான்.

“தம்பி, வேண்டாம். அடைச்சுப் போடுவாங்கள். விடிய பேரப்பிள்ளையள் துறைமுகத்துக்கு வருகினம், அவ பத்து நாளா அதைத்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறா. இன்னும் ஒரு இரவுதானே? உம்மை நம்பித்தானே சொன்னனான்.”

உங்களை நம்பித்தானே சொன்னேன் என்று ஒருவர் கையைப் பிடித்தால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு டாக்டருக்குத் தெரிந்தது எதுவும் தெரியாது. வெறும் வாய்வாகவே இருந்து, நான் ஊரைக் கூட்டி, இரண்டு பேரையும் அறையில் அடைக்க வைத்துவிட்டால் அந்த மனிதர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அதையும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஏற்கனவே ஒரு முறை அவரைச் சந்தோஷப்படுத்துகிற பதிலைச் சொல்லிவிட்டேன். அதன் விலை எதிரில் வியர்த்துக்கொண்டு படுத்திருந்தது.

“சார், என்னை அப்புறம் பேசுங்க. உங்க ஊர்ப் பேச்சே பேசுங்க. இப்போ கையை விடுங்க” என்றேன். விட்டார்.

பார்த்ததை மட்டும் சொன்னேன். வயசு, சர்க்கரை, பின்னேரத்திலிருந்து வாந்தி, வியர்வை, நெஞ்சில் பாரம், தாடை. நாலு நிமிஷத்தில் டாக்டரம்மாவும் நர்சும் பெட்டியோடு வந்துவிட்டார்கள். ஈசிஜி காகிதம் வெளியே வர வர டாக்டரம்மாவின் குரல் மாறியது. ஹார்ட் அட்டாக். பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை இருப்பவர்களுக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரிதான் வரும் என்றில்லையாம், இப்படி வாந்தியாகவும் வருமாம்.

“எப்போது ஆரம்பித்தது?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“நாலு மணி” என்றார் சார்.

“ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

கணேசலிங்கம் சார் இங்கிலீஷில், “சொன்னேன்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை, புரியாத பார்வை. அது இன்னும் மோசம்.

“என்னிடம் சொன்னார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்” என்றேன். டாக்டரம்மா ஒரு விநாடி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வது லேசில்லை. ஆனால் சொல்லிவிடுங்கள் பிள்ளைகளா. உடனே, அங்கேயே சொல்லிவிடுங்கள். எத்தனை மணியிலிருந்து என்ற கணக்கு டாக்டருக்குச் சரியாகத் தெரிய வேண்டும், நம் மானம் அப்புறம்.

ஆக்லாந்திலிருந்து ஹெலிகாப்டர் வருகிறது என்றார்கள். மேல் தளத்தில் இருந்தவர்களை எல்லாம் உள்ளே அனுப்பினார்கள். எட்டு மணிக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே வந்தது. கீழே இறங்கவில்லை. கம்பியில் ஒரு ஆள் இறங்கி, ஸ்ட்ரெச்சரில் அந்த அம்மாவைக் கட்டி மேலே இழுத்தார்கள். நேற்று ராத்திரி மாதிரி கப்பல் ஆடியிருந்தால் இந்தத் தூக்கல் லேசில் நடந்திருக்காது என்று நர்ஸ் சொன்னாள். நான் அன்றைக்குத்தான் ஒரு கடலைப் பார்த்து மனசாரக் கும்பிட்டேன். கூட ஒருவர் வர இடமில்லை என்றுவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் மேலே போகப் போக, “பரமேசு, பயப்பிடாதை!” என்று சார் கத்தியது அந்தச் சத்தத்தில் எங்கே கேட்டிருக்கப் போகிறது. கழுத்தில் இன்னும் அந்தக் கைத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்தேன்.

அப்புறம் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. என் மேலதிகாரி, “நீ அவரோடு இரு” என்று விட்டுவிட்டார். யாரும் இல்லாத சாப்பாட்டுக் கூடத்தில், அதே ஜன்னலோர மேஜையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெளியே கடல் அப்படியே கிடந்தது. அவர் மகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், தகவல் வந்தால் சொல்கிறேன் என்று போனில் சொன்னாள். அவர் எதிரில் இருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். நான் சத்தி எண்டு சொல்ல, நீர் ஏன் நல்லது எண்டனீர்?”

சொன்னேன். சிவப்புச் சேலை, வெள்ளிக்கிழமை, விரதம், பால், பழம், பூ எல்லாம் சொன்னேன். அவர் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனேன். சிரித்தார். சிரித்து, சிரித்து, அதன் நடுவிலேயே அழவும் செய்தார்.

“நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? சத்தி எடுத்தா வயிறு துப்பரவாகும், அது நல்லதெண்டு சொல்லுறீர் எண்டு நினைச்சன். கப்பலிலை இவ்வளவு காலம் இருந்த ஆள், இவருக்குத் தெரியாததோ எண்டு நம்பிப் போய்ச் சூப் குடிச்சனான்!”

“மன்னிச்சிருங்க சார்.”

“அவ வரட்டும். அவவிட்டைக் கேளும் மன்னிப்பை. நான் ஆர் உமக்கு மன்னிக்கிறதுக்கு?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பழம் எங்கை?” என்றார். அந்தத் தட்டிலிருந்த இரண்டு வாழைப்பழத்தையும் கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அன்றைக்கு அங்கே உட்கார்ந்து யோசித்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு வளர்த்தேன். அவர் அதையே இங்கிலீஷில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சொல் பிடிபடாவிட்டாலும், “சாரி சார், இன்னொரு தடவை” என்று கேட்டிருப்பேன். பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியாக்காரர் என்று எத்தனை பேரோடு வேலை பார்த்தேன், எல்லோரிடமும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். தமிழில் சொன்னதால் கேட்கவில்லை. நம்ம பாஷைதானே, நமக்குப் புரியாமலா! உங்களில் இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி பினாங்கு, மூன்று பேர் நம்ம பக்கம். ஒரே மேஜையில் உட்கார்ந்து எல்லோரும் தமிழில் பேசிக்கொண்டதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம், கூடவே கொஞ்சம் கிலி. கேளுங்கள். அசடு மாதிரி தெரிந்தாலும் பரவாயில்லை, அப்படின்னா என்ன என்று கேளுங்கள்.

மறுநாள் காலை துறைமுகத்தில் மகளும் பேரனும் நின்றார்கள். பேரன் ஓடிவந்து இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ சொன்னான், தாத்தா அவனைக் கட்டிக்கொண்டு தமிழில் அழுதார். எனக்குத் தூரத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி, அவ்வளவு கூட்டத்திலும் என்னைத் தேடிப் பிடித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பிறகுதான் தெரிந்தது, இதயத்து அடைப்பை எடுத்துவிட்டார்களாம், உயிருக்கு ஆபத்தில்லையாம். மாலினி பக்கத்தில் நின்று என் சட்டைக் கையை இழுத்து, “அண்ணே, மூச்சு விடுங்க லா” என்றாள்.

அன்றே சாயங்காலம் கப்பல் அடுத்த பயணத்துக்குக் கிளம்புகிறது. நடுவில் மூன்று மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போகும் வழியெல்லாம் மன்னிப்பு கேட்கிற வசனத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டே போனேன். கணேசலிங்கம் சார் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததுமே அந்த அம்மா, “வாரும் வாரும். எனக்குப் படையல் போட்ட ஆளெல்லோ!” என்றார்.

“என்னம்மா சொல்றீங்க?”

“உம்மட தட்டு வந்ததெல்லோ, பாலும் பழமும் பூவும். கண்ணைத் திறந்து பாக்கிறன், முன்னாலை படையல். சரி, நான் செத்துப் போனன், கப்பல்காரர் வடிவாச் செய்யினம் எண்டு நினைச்சன். அதுதான் முகத்தைத் திருப்பினனான்.”

கட்டி வைத்திருந்த வசனமெல்லாம் எங்கே போயிற்றோ. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குழாய் சொருகாத கையைப் பிடித்துக்கொண்டு, “இப்போ எப்படிம்மா இருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

“ஓம் தம்பி, இப்ப சத்தி இல்லை.”

தலையாட்டப் போனவன் நின்றேன். குனிந்து கேட்டேன்: “எந்தச் சத்தி அம்மா?”

அவர் கண்ணை மூடி, நெஞ்சைக் கையால் தாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தார்.

“ரெண்டும்தான், தம்பி. என்ர சத்தி போயிட்டுது. உம்மட சத்தி வரக் கொஞ்ச நாள் செல்லும்.”